23 பாடம், இரண்டு டீச்சர்

"என் தங்கை 2025ல் அரசுத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தாள். சொந்த ஊரிலிருந்து ஐந்து மாவட்டம் தள்ளி, ஈராசிரியர் பள்ளி. ஆறு மாதம் ஆவதற்குள் 'வேலையை விட்டுடலாமா' என்று கேட்கிறாள். பிள்ளைகளைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. அப்படியென்றால் என்னதான் பிரச்சினை? பள்ளியும் துறையும் புதிதாக வருபவர்களுக்கு எந்த உதவியும் செய்வதில்லையா?"

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி அவர் குறையே சொல்வதில்லை என்கிறீர்களே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் முப்பது வருடம் ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்தவன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் தலைமையாசிரியர். பிள்ளைகளைச் சமாளிக்க முடியாமல் வேலையை விட நினைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடுவேன். மற்றவர்கள் எல்லோரும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் கூட்டம் முடிந்து வெளியே வரும்போதும் சொன்னது ஒரே வாக்கியம்: "பாடம் நடத்த விட மாட்டேங்கிறாங்க சார்."

யார் விடமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டால் ஒருவரையும் கை காட்ட முடியாது. அதுதான் இதில் உள்ள சிக்கல்.

முதலில் ஈராசிரியர் பள்ளி என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்றிலிருந்து ஐந்து வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். உங்கள் தங்கை பள்ளியில் 22 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆசிரியருக்கு 11 பிள்ளைகள். புள்ளிவிவரத்தில் பார்த்தால் பெரிய நகரத்துப் பள்ளிக்கூடம்கூட பொறாமைப்படும். ஆனால் அந்த 22 பேர் ஐந்து வகுப்பில் இருக்கிறார்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நான்கு நான்கு பாடம். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி, ஆக ஐந்து ஐந்து. கூட்டிப் பாருங்கள், 23 பாடம். பிள்ளைகள் குறைந்தால் பாடம் குறையாது. 22 பேருக்கும் 23 பாடம்தான், 60 பேருக்கும் 23 பாடம்தான்.

இந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியர். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அருமையான திட்டம், காலையில் வயிறு காய்ந்து வந்து தூங்கி விழுந்த பிள்ளைகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சமைக்க ஆள் இருந்தாலும் சுவைத்துப் பார்ப்பது, எண்ணிக்கை சொல்வது, படம் எடுத்துப் போடுவது என்று பள்ளிக்கும் அதில் வேலை உண்டு. அப்புறம் சத்துணவு. புத்தகம், நோட்டு, சீருடை, காலணி வந்தால் எடுத்துவர வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் கூட்டம் வைத்தால் போக வேண்டும். எச்.எம். போகிற அன்றைக்கு உங்கள் தங்கையிடம் ஐந்து வகுப்பு, 23 பாடம். வாசலில் ஒரு பிள்ளை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் அதற்கும் அவர்தான்.

இதன் இன்னொரு பக்கம் லீவு. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. ஆனால் தான் சி.எல். போட்டால் எச்.எம். ஒருவரே கிடந்து அல்லாடுவார் என்று தெரிந்திருக்கும்போது எந்த மனசாட்சி உள்ள ஆளும் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். 'டீச்சருக்கு என்னப்பா, மே மாசம் பூரா லீவு' என்பவர்கள் ஜூலையில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சொல்வதில்லை.

மகப்பேறு விடுப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் அது 12 மாதம். எந்தத் தாய்க்கும் வேண்டியதுதான். ஆனால் அந்த 12 மாதத்துக்குப் பள்ளிக்கு மாற்று ஆள் என்று தனியாக யாரும் காத்திருப்பதில்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்புவார்கள், உடனே அந்தப் பள்ளி ஓராசிரியர் பள்ளி ஆகிவிடும். ஒரு பள்ளியின் ஓட்டையை அடைக்க இன்னொரு பள்ளியின் கூரையிலிருந்து ஓடு எடுக்கிற கதை. நல்ல சலுகை ஒன்று கொடுத்தால் அதன் சுமையை யார் தோளில் இறக்குவது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அது யோசிக்கப்படாததால் கர்ப்பமான டீச்சரைப் பார்த்தாலே சக ஆசிரியர்கள் முகம் சுளிப்பதை நானே பார்த்திருக்கிறேன். அசிங்கமாகத்தான் இருக்கும்.

சரி, எமிஸுக்கு வருவோம். உங்கள் தங்கை இந்த வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். பிள்ளைகள், ஆசிரியர்கள் விவரமெல்லாம் ஏறும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை. பழைய ஆட்கள் பலரைப் போல நான் அதை எதிர்ப்பவன் இல்லை. மாற்றுச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் பெற்றோரை அலையவிட்ட காலம் எனக்குத் தெரியும், எமிஸால் அது நிறையவே குறைந்தது. வலி வேறு இடத்தில். எமிஸில் ஏற்கெனவே ஏற்றிய அதே எண்ணிக்கையை மதியம் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். மாலையில் கூகுள் ஷீட்டில் கேட்பார்கள். மறுநாள் கையால் எழுதி, எச்.எம். கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போட்டு இரண்டு பிரதி கேட்பார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் 'மிக மிக அவசரம்' என்று இருக்கும். கேட்பவர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே ஒருவர் 'பதினொரு மணிக்குள்' என்று கேட்டிருப்பார். மேலே ஐந்து நிமிட வேலையாகத் தோன்றுவது கீழே வரும்போது நான்காம் வகுப்பின் வகுத்தல் கணக்குப் பாடத்தை நடுவில் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து பாடம் மறுபடி முளைக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு மீதி என்றால் என்ன என்று பிடிபடும் நொடி ஒருமுறைதான் வரும், போன் எடுத்துவிட்டுத் திரும்பினால் அது போயிருக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு, ஆசிரியர்களே அதிகம் கவனிக்காதது. ஆசிரியர் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், அதில் பாடத் தயாரிப்பு நேரமும் அடக்கம் என்கிறது அட்டவணை. அதாவது, தயாரிப்பும் வேலைதான் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் முதலில் பறிபோவது அந்த நேரம்தான். நாளைக்கு என்ன நடத்துவது என்று ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசிக்கிறார்கள்.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கல்விசாராப் பணிக்கு அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விலக்கு. தேர்தல் வேலையை விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நேரத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007லேயே சொன்னது. 2025 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இருந்த ஆசிரியர்கள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். உங்கள் தங்கைக்கு அந்த வேலை இல்லை என்றால் அவர் எச்.எம்.முக்கு இருந்திருக்கலாம், விளைவு ஒன்றுதான். அடுத்து 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. உதவியே கிடையாதா?

உண்டு. பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் சி.ஆர்.சி. பயிற்சி நடக்கும். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதவியை உருவாக்கியபோது நோக்கம் அழகாக இருந்தது. ஆய்வு செய்யும் அதிகாரி ஒருவர் இருக்கட்டும், கூட உட்கார்ந்து 'இந்தப் பாடத்தை இப்படி நடத்திப் பாருங்க டீச்சர்' என்று சொல்ல வேறொருவர் இருக்கட்டும் என்பதுதான் அது. தரவு சேகரிக்கும் வேலை இரண்டாமவரையும் விழுங்கிவிட்டது. பயிற்றுநர் வருகிறார் என்றால் வகுப்பில் ஒரு துணை வருகிறது என்று யாரும் நினைப்பதில்லை, பதிவேட்டை எடுத்து வைக்க ஓடுகிறார்கள். விதிவிலக்கான பயிற்றுநர்கள் உண்டு. அப்படி ஒருவர் தன் வட்டாரத்தில் கிடைத்தால் உங்கள் தங்கை அவரை விடவே கூடாது.

காலிப் பணியிடத்துக்கு ஒரு தற்காலிக வழி இருந்தது. 2022ல் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. பிறகு அதைக் கூட்டினார்கள். உள்ளூரில் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள், நன்றாகவும் நடத்தினார்கள். ஆனால் அந்தச் சம்பளத்தில் ஒருவரிடம் எத்தனை வருடம் உழைப்பை எதிர்பார்ப்பது? ஓவியம், உடற்கல்வி, கணினி எல்லாம் சொல்லித்தர 2012ல் மாதம் 5,000 ரூபாய்க்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தற்காலிகம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஆயுள் அதிகம்.

சம்பளம் என்றதும் ஒன்று. 2009 ஜூன் 1க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200 என்று வைத்தார்கள், அதற்கு ஒரு நாள் முன்னால் சேர்ந்தவருக்கு 8,370. ஒரே சான்றிதழ், ஒரே வகுப்பறை. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று அவர்கள் கேட்பது இதைத்தான். ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்குள் இது எப்படிப்பட்ட கசப்பை உண்டாக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் தங்கையின் எச்.எம். எந்நேரமும் சிடுசிடுவென்று இருக்கிறாரா? அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும், பெறாவிட்டால் வேலை போகும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர் வேலையில் தொடரலாம், டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. உங்கள் தங்கை டெட் எழுதித் தேறித்தான் வந்திருப்பார். இருபத்தைந்து வருடம் முன்னால் சேர்ந்த எச்.எம்.முக்கு அப்போது அப்படி ஒரு தேர்வே கிடையாது. ஐம்பது வயதில், பேரன் பேத்தி எடுக்கும் நேரத்தில், 150 கேள்விக்கு விடை குறிக்கப் பழகவேண்டியிருக்கிறது. இது ஒருவகையில் உங்கள் தங்கைக்குக் கிடைத்த வாய்ப்பு. பரீட்சைக்குப் படித்த கை இன்னும் ஈரமாகத்தானே இருக்கும். உளவியல் பாடத்துக்கு அவர் வைத்திருக்கும் குறிப்பை எச்.எம்.முக்குக் கொடுக்கட்டும், வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் கூட உட்காரட்டும். உதவி எப்போதும் மேலிருந்துதான் வரவேண்டும் என்று இல்லை. அந்தப் பள்ளியின் காற்றே மாறிவிடும்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு தலைமையாசிரியர் வாய்த்தார். பெரிய பேச்சாளர் இல்லை, பாடத்தில் புலி என்றும் சொல்ல மாட்டேன். காலை முதல் இரண்டு பிரிவேளை முடியும்வரை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். பெற்றோரானாலும் ஊர்ப் பெரியவரானாலும் அங்கேயே பேசி அனுப்பிவிடுவார். ஒருமுறை அலுவலர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். "ஐயா, பத்து நிமிஷம் உட்காருங்க, டீ சொல்றேன். சார் பாடத்துல இருக்காரு" என்றார் எங்கள் தலைமையாசிரியர். அலுவலர் முகம் சுருங்கியது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். படிவம், பதிவேடு எல்லாம் மூன்றரை மணிக்கு மேல்தான் எங்கள் கைக்கு வரும். அந்த மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பயிற்சி அந்த நாற்காலிதான் என்று சொன்னால் மிகையில்லை. பின்னாளில் நான் எச்.எம். ஆனபோது அதே மாதிரி செய்யப் பார்த்தேன். பாதிதான் முடிந்தது. அவர் காலத்தில் செல்போன் இல்லை, வராந்தாவைத் தாண்டி நேராகச் சட்டைப்பைக்குள் யாரும் வர முடியாது.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் கதை வேறு. அங்கே பாடத்துக்கு ஆள் இருப்பார்கள், பத்தாம் வகுப்பு ரிசல்ட் நெருக்கடியும் பதினாறு வயதுப் பையன்களும் சேர்ந்து நெருக்குவார்கள். அடிக்கக் கூடாது என்று 17ஆம் பிரிவு சொல்வது முழுக்கச் சரி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிக்காமல் வேறு என்ன செய்வது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை என்பதுதான் குறை. தனியார் பள்ளி ஆசிரியர்களின் பாடு தனிப் பதிவாக எழுத வேண்டியது. அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்வதும், கோடையில் சேர்க்கைக்கு வீடு வீடாக அனுப்புவதும் பல இடங்களில் நடக்கிறது. அவர்களோடு ஒப்பிட்டு உங்கள் தங்கையை 'உனக்கு என்ன குறை' என்று கேட்டுவிடாதீர்கள்.

இனி அவர் நாளை முதல் செய்யக்கூடியது.

ஐந்து வகுப்பை ஐந்தாகப் பார்ப்பதை விடட்டும். 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறோம். பெரிய பள்ளிக்காரர்கள் இதைக் குறை சொல்வார்கள், சின்னப் பள்ளிக்கு இது வரம். பல வகுப்பும் ஓர் அறையில் உட்காருவது வேறு வழியில்லாத ஏற்பாடு என்ற குற்ற உணர்ச்சி போய்விடும். அதற்கு முன்னால் இருந்த செயல்வழிக் கற்றலையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். ஆந்திராவின் ரிஷிவேலியில், பல வகுப்புப் பிள்ளைகள் ஓர் ஆசிரியரிடம் படிக்கும் கிராமப் பள்ளிகளுக்காக உருவான, அட்டைகளை வைத்துப் படிக்கும் முறை அது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-08ல் மாநிலம் முழுக்கப் போனது. அட்டை தேடியே நாள் போகிறது என்று நானும் திட்டினேன். எல்லாப் பள்ளிக்கும் ஒரே சட்டை தைத்ததுதான் தப்பு, ஈராசிரியர் பள்ளிக்கு அது அளவெடுத்துத் தைத்தது என்று ரொம்ப லேட்டாகப் புரிந்தது. பழைய அட்டைப் பெட்டி அந்தப் பள்ளியின் பரண்மேல் கிடந்தாலும் கிடக்கும், இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குழுவுக்கு நேரடியாக நடத்தும்போது மற்ற இரண்டு குழுவும் கையில் வேலையோடு இருக்க வேண்டும், முழு சூட்சுமமும் அவ்வளவுதான்.

அப்புறம் எச்.எம்.மோடு ஓர் ஒப்பந்தம். காலை முதல் ஒன்றரை மணி நேரம் இருவர் போனும் மேசை டிராயருக்குள். வருகைப்பதிவை ஆப்பில் போட்டதும் மூடிவிட வேண்டும். 'மிக அவசரம்' எல்லாம் இடைவேளைக்குக் காத்திருக்கும், என் அனுபவத்தில் அதனால் ஒரு மெமோகூட வந்ததில்லை. பிள்ளைகள், பெற்றோர், ஆதார், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று என்று எப்போதும் திரும்பத் திரும்பக் கேட்கும் விவரங்களை ஒரே நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், எந்தப் படிவம் வந்தாலும் பத்து நிமிடத்தில் முடியும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

சி.ஆர்.சி.க்குப் போகும்போது பயிற்சி எப்படி இருந்தாலும் சரி, தன்னைப் போலவே ஈராசிரியர் பள்ளியிலிருந்து வரும் ஒருவரையாவது பிடித்துக்கொள்ளட்டும். என்ன செய்வது என்று தெரியாத அன்றைக்கு மாலை ஆறு மணிக்குப் பேச ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாக இருந்தாலும் உதவும், ஆனால் உங்களுக்கு அரும்பு மொட்டு மலர் புரியாது. ராத்திரி தூக்கம் வரவில்லை, அழுகை வருகிறது என்ற அளவுக்குப் போயிருந்தால் 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் பேசச் சொல்லுங்கள், இலவசம், தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கு உதவி எண் 14417 என்று நாம் வகுப்பில் சொல்லித்தருகிறோம், அதற்கு முந்தைய எண் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம்.

வேலையை விடுவது பற்றி: முதல் வருடத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டாம். கோபத்தில் நீண்ட ஊதியமில்லா விடுப்பும் போட வேண்டாம், தகுதிகாண் பருவம் தள்ளிப்போகும். ஊர் தூரம்தான் பாதிப் பாரம் என்றால் பொது மாறுதல் கலந்தாய்வு இருக்கிறது, இரண்டு ஆசிரியர்கள் பேசி இடம் மாற்றிக்கொள்ளும் மனமொத்த மாறுதலும் இருக்கிறது. விதிமுறை ஆண்டுக்கு ஆண்டு மாறும், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல் அந்த ஆண்டு அரசாணையையே எடுத்துப் படிக்கட்டும். தேதி அறிவித்தால் கடைசி நாள்வரை காத்திருக்கவும் வேண்டாம், சர்வர் படுத்துவிடும். அந்த விண்ணப்பத்தையும் எமிஸில்தான் போட வேண்டும்.